396 ஜெயிப்பு, ஒரே தோல்வி, ரெண்டாவது ஃபைட்லயே டைட்டில் மோதல்: பாக்ஸர் லோமசென்கோ கேஸ்

2014 மார்ச் 1. டெக்சாஸ்ல சான் ஆன்டோனியோ, அலமோடோம் ஸ்டேடியம். ரிங்ல ஒரு பக்கம் ரெண்டு ஒலிம்பிக் கோல்டு வாங்கின 26 வயசு உக்ரைன் பாக்ஸர் வாசில் லோமசென்கோ, சுருக்கமா லோமா, அமெச்சூர் (ஒலிம்பிக் மாதிரி தொழில்முறை இல்லாத போட்டிங்க) கணக்கு 396 ஜெயிப்பு 1 தோல்வி. இன்னொரு பக்கம் 33 வயசு மெக்சிகோகாரர் ஒர்லாண்டோ சலிடோ, அதுக்குள்ள ப்ரோவுல, அதாவது தொழில்முறை பாக்ஸிங்ல, 12 தடவை தோத்தவர். லோமாவுக்கு ப்ரோவுல இது ரெண்டாவது ஃபைட், அதுவும் உலக சாம்பியன் டைட்டிலுக்கு, சலிடோவுக்கு அம்பதுக்கும் மேல. 12 ரவுண்ட் முடிஞ்சு கை தூக்கினது சலிடோவுக்குத்தான்.

இந்த ஃபைட் பேச்சு வந்தாலே "அவசரப்பட்டுட்டாரு, பத்துப் பதினஞ்சு ஃபைட் போட்டுட்டு டைட்டிலுக்கு போயிருக்கணும்"னு ஒரே வரில முடிச்சுடறாங்க. எனக்கு அது ஏத்துக்கற மாதிரி இல்ல. அமெச்சூர்ல இருந்து டைட்டில் வரைக்கும் போற பாதைல என்னென்ன இருக்குன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல கேஸ் எனக்குத் தெரியாது, ஏன்னா மத்தவங்களுக்கு அஞ்சாறு வருஷத்துல பரவலா நடக்கறது இவருக்கு எட்டு மாசத்துல மூணே ராத்திரில நடந்து முடிஞ்சுது, அமெச்சூர்ல கத்துக்கிட்டதுல எது கை குடுத்துச்சு எது காலை வாரிச்சுன்னு தனித்தனியா பார்க்க முடியுது. இன்னொண்ணு, அன்னைக்கு வெளில வந்த ஒரு குறை கடைசி வரைக்கும் முழுசா சரியாகல, ஆறு வருஷம் கழிச்சு அதே குறைதான் மறுபடி அவர்கிட்ட இருந்து சாம்பியன் பெல்ட்டுங்களைப் பிடுங்கிச்சு. இதை விட்டுட்டு எல்லாரும் வேற எதையோ பேசறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடலாம். 1988 பிப்ரவரி 17ல ஒடேசா பக்கத்துல பில்ஹோரோத் டினிஸ்ட்ரோவ்ஸ்கிங்கற ஊர்ல பிறந்தவர். கோச் வேற யாரும் இல்ல, அவங்க அப்பா அனடோலிதான், ஆரம்பத்துல இருந்து ப்ரோ வரைக்கும். அந்த அப்பா செஞ்ச ஒரு விஷயம் பாக்ஸிங் உலகத்துல ரொம்ப பிரபலம், பையன் சின்ன வயசுல இருக்கறப்ப பாக்ஸிங்கை நிறுத்தி வெச்சுட்டு சில வருஷம் உக்ரைன் நாட்டுப்புற நடனம் கத்துக்க அனுப்பிட்டாரு. சும்மா கதைக்காக சொல்றாங்கன்னு நான் ஆரம்பத்துல நினைச்சேன், ஆனா லோமா ஃபைட்டை சவுண்டை நிறுத்திட்டு கால்களை மட்டும் பார்த்தீங்கன்னா புரியும். இடது கைக்காரங்க மாதிரி நிப்பாரு, வலது கால் முன்னாடி இருக்கும். எதிராளியோட முன்னங்காலுக்கு வெளிப்பக்கம் அந்த வலது காலை ஊனி அப்படியே உடம்பைச் சுத்தித் திருப்புவாரு, எதிராளி குத்தி முடிக்கறப்ப அங்க ஆளே இருக்க மாட்டாரு, தோளுக்குப் பக்கத்துல நின்னு அடிச்சிட்டு இருப்பாரு. அதோட தொப்பில நூல் கட்டித் தொங்கவிட்ட டென்னிஸ் பந்தை விடாம குத்தறது, நம்பர்களை வரிசையா கண்டுபிடிச்சு தொடற கவனப் பயிற்சி, தண்ணிக்குள்ள மூச்சடக்கறதுன்னு அப்பா போட்ட பயிற்சியே வேற ரகம்.

அமெச்சூர்ல அந்த ஒரே தோல்வி 2007ல சிகாகோ உலக சாம்பியன்ஷிப் ஃபைனல், ரஷ்யாவோட ஆல்பர்ட் செலிமோவ்கிட்ட. மறு வருஷம் பெய்ஜிங் ஒலிம்பிக்ல யாருக்கு யாருன்னு குலுக்கல் போட்டா முதல் ஃபைட்டே அதே செலிமோவ். 14-7னு ஜெயிச்சாரு. ஃபைனல்ல பிரான்ஸ்காரர் கெதாஃபி ஜெல்கிரை முதல் ரவுண்ட்லயே நிறுத்தினாரு, அந்த ஒலிம்பிக்கோட சிறந்த பாக்ஸருக்கான வால் பார்க்கர் கோப்பையும் அவருக்குத்தான். 2009 மிலன், 2011 பாகு, ரெண்டு உலக சாம்பியன்ஷிப்லயும் கோல்டு. 2012 லண்டன்ல எடைப் பிரிவு மாத்தி 60 கிலோவுல மறுபடி கோல்டு. அதே லண்டன்ல அவரோட நண்பர், இன்னொரு உக்ரைன் பாக்ஸர் உசிக் ஹெவிவெயிட் கோல்டு வாங்கினதும் ஞாபகம் இருக்கலாம்.

இப்ப கேஸோட நடுப்பகுதி. அமெச்சூர் பாக்ஸிங்கும் ப்ரோ பாக்ஸிங்கும் ஒரே விளையாட்டு மாதிரி தெரியும், ஆனா கணக்கு போடற விதம் வேற, அந்த கணக்குதான் ஒருத்தர் எப்படி சண்டை போடுவாருன்னு முடிவு பண்ணுது. பெய்ஜிங்ல ரெண்டு நிமிஷ ரவுண்ட் நாலு, லண்டன்ல மூணு நிமிஷ ரவுண்ட் மூணு, ஆக எட்டு ஒன்பது நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும். ப்ரோ டைட்டில் ஃபைட் 12 ரவுண்ட், 36 நிமிஷம், நாலு மடங்கு. அன்னைக்கு அமெச்சூர்ல அஞ்சு ஜட்ஜுங்க கையில பட்டன் இருக்கும், ஒரு குத்து விழுந்த உடனே ஒரே நேரத்துல மூணு பேர் அமுக்கினாத்தான் ஒரு பாயின்ட். அதனால தூரத்துல இருந்து தலைல பளிச்சுன்னு விழற குத்துக்குத்தான் மதிப்பு, கட்டிப்பிடிச்சு நிக்கறப்ப விலாவுல விழற பத்து குத்துக்கு ஒண்ணும் கிடைக்காது.

இதுல ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கறதில்ல. பட்டன் கணக்குல பாயின்ட் எல்லாம் ஒரே உண்டியல்ல சேருது. முதல் ரவுண்ட்ல ரெண்டு பாயின்ட் பின்னாடி இருந்தாலும் கடைசி ரவுண்ட்ல ஏழு எடுத்து தாண்டிடலாம். ப்ரோவுல அப்படி இல்ல, ஒவ்வொரு ரவுண்டும் தனிக் கணக்கு, ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு 9. நூலிழைல தோத்தாலும் 9, மூணு நிமிஷம் பூரா அடி வாங்கினாலும் கீழ விழாத வரைக்கும் பெரும்பாலும் அதே 9 தான். அதாவது முதல் நாலு ரவுண்டை எதிராளி எப்படின்னு படிக்கறதுக்காக விட்டுக்குடுத்தா, 12வது ரவுண்ட்ல ஆளை கந்தலாக்கினாலும் அந்த நாலும் திரும்ப வராது. இதை மனசுல வெச்சுக்கோங்க.

எடை விஷயமும் அப்படித்தான். அமெச்சூர் டோர்னமென்ட்ல ஃபைட் இருக்கற அன்னைக்கு காலைலயே எடை பார்த்துடுவாங்க, அதனால உடம்புல தண்ணிய வத்த வெச்சு எடைய குறைச்சுட்டு அப்புறம் ஏத்திக்கறதுக்கு பெருசா நேரம் இல்ல. ப்ரோவுல முந்தின நாளே எடை பார்க்கறாங்க. ஒரு முழு நாள் இருக்கு, தெரிஞ்சவங்க அதுக்குள்ள அஞ்சாறு கிலோ, சில பேர் அதுக்கு மேலயும் திரும்ப ஏத்திடுவாங்க.

லண்டனுக்கு அப்புறம் லோமா உடனே ப்ரோவுக்கு வரல, 2012-13ல உக்ரைன் டீமுக்காக வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் பாக்ஸிங் லீக்ல ஆறு ஃபைட் போட்டு ஆறும் ஜெயிச்சாரு. அஞ்சு ரவுண்ட், தலைக்கவசம் கிடையாது, பணமும் உண்டு, அதனால அதையும் ப்ரோ கணக்குல சேர்க்கணும்னு வாதாடறவங்க இருக்காங்க. பாதி ஆத்தை தாண்டின மாதிரின்னு வேணா சொல்லலாம். அப்புறம்தான் அமெரிக்காவுல பாப் ஆரமோட டாப் ரேங்க்ங்கற, பாக்ஸிங் ஃபைட் நடத்தற கம்பெனில கையெழுத்து போட்டாரு, முதல் ஃபைட்டே டைட்டில் ஃபைட்டா இருக்கணும்னு ஆசைப்பட்டாரு. அது நடக்கல, ரெண்டாவதுல தர்றதா ஏற்பாடு.

2013 அக்டோபர் 12, லாஸ் வேகாஸ். முதல் ப்ரோ ஃபைட், ஹோசே ராமிரெஸ்னு 25 ஜெயிப்பு இருக்கற மெக்சிகோகாரர், 10 ரவுண்டுக்கு ஒப்பந்தம். பொதுவா அறிமுக ஃபைட்டுன்னா நாலு ரவுண்ட், எதிர்ல நோஞ்சானா ஒருத்தர், அவ்வளவுதான். இவரு நாலாவது ரவுண்ட்ல உடம்புல ஒரு குத்து விட்டு முடிச்சாரு. அதே ராத்திரி அதே மேடைல சலிடோவும் இருந்தாரு, ஒர்லாண்டோ குரூஸ்ங்கறவரை ஏழாவது ரவுண்ட்ல வீழ்த்தி காலியா இருந்த டபிள்யூபிஓங்கற உலக பாக்ஸிங் அமைப்போட ஃபெதர்வெயிட் பிரிவு பெல்ட்டை எடுத்தாரு. அடுத்த ஃபைட் யார் கூடன்னு அங்கயே முடிவான மாதிரிதான்.

சலிடோவைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா 12 தோல்விங்கற நம்பரைப் பார்த்து ஆளை எடை போட்டவங்க எல்லாரும் ஏமாந்தாங்க. சோனோரா மாநிலத்துல சியுடாட் ஒப்ரெகான் ஊர்க்காரர், 1996ல 15 வயசுல ப்ரோவா இறங்கி முதல் ஃபைட்லயே தோத்தவர். கூட்டிட்டு போய் பாதுகாப்பா வளர்த்து விட யாரும் இல்ல, யார் கூப்பிட்டாலும் போய் சண்டை போட்டு அடி வாங்கி வாங்கியே தொழில் கத்துக்கிட்டவர். 2011ல அதுவரை தோக்காத ஹுவான் மனுவேல் லோபஸை போர்ட்டோ ரிக்கோவுக்கே போய் நிறுத்தினாரு, மறு வருஷமும் அதையே செஞ்சாரு. பள்ளிக்கூடம்னு பார்த்தா லோமா படிச்சது ஒண்ணு, இவர் படிச்சது இன்னொண்ணு, இவரோட பள்ளிக்கூடத்துல பட்டன் கிடையாது.

ஃபைட்டுக்கு முந்தின நாள் எடை பார்க்கறப்ப லிமிட் 126 பவுண்டு, சலிடோ 128¼. பெல்ட் மேடைலயே பறிபோச்சு, இனி லோமா ஜெயிச்சா லோமாவுக்கு, சலிடோ ஜெயிச்சா யாருக்கும் இல்ல. லோமா தரப்பு ஃபைட்டை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தல. மறுநாள் ராத்திரி ரிங்குக்கு வர்றப்ப சலிடோ 147 பவுண்டு, லோமா 136. 147ங்கறது வெல்டர்வெயிட் லிமிட், ஃபெதர்வெயிட்டுக்கு நாலு படி மேல. அதாவது 57 கிலோ ஃபைட்டுக்கு கிட்டத்தட்ட 67 கிலோல ஒருத்தர் வந்து நின்னாரு. எனக்கு இதுல கோபம் உண்டு, எடை தப்பினவரோட ஃபைட்டுக்கு முன்னாடி மறுபடி ஒரு எடை லிமிட் வெச்சிருக்கணும்னுதான் இப்பவும் நினைக்கறேன். ஆனா தோல்விக்கு அது மட்டும்தான் காரணம்னு சொன்னா அது லோமாவுக்கே செய்யற அநியாயம்.

ஃபைட்டை திரும்பத் திரும்ப பார்த்திருக்கேன். ஆரம்ப ரவுண்டுகள்ல லோமா ரொம்ப கம்மியா கை நீட்டறாரு, படிச்சிட்டு இருக்காரு. சலிடோ படிக்கறதுக்கெல்லாம் நேரம் குடுக்கல, தலையால தள்ளிட்டே உள்ள வந்து விலாவுல, இடுப்புல, இடுப்புக்குக் கீழயும் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. பெல்ட் லைனுக்குக் கீழ விழுந்தது ஒண்ணு ரெண்டு இல்ல, ஆனா ரெஃப்ரி ஒரு பாயின்ட் கூட குறைக்கல. சலிடோ ஒட்டிக்கிட்டு நிக்கறப்ப லோமாவுக்கு என்ன பண்றதுன்னே தெரியல, கையைக் கட்டிப்பிடிச்சு ரெஃப்ரி பிரிச்சு விடட்டும்னு காத்திருந்தாரு. அமெச்சூர்ல பிடிச்சா ரெஃப்ரி உடனே பிரிச்சுடுவாரு, அந்தப் பழக்கம். ப்ரோ ரெஃப்ரி பல நேரம் விட்டுடுவாரு, ஒரு கை சும்மா இருந்தாலும் அதால அடிக்கறவங்க அடிச்சிட்டே இருப்பாங்க. அந்த நெருக்கத்துல தோளால இடிச்சு இடம் பண்ணிக்கறது, முழங்கையை உள்பக்கம் நுழைச்சு எதிராளி கையைப் பூட்டறது, இதெல்லாம் 396 ஜெயிப்புல எதுலயும் தேவைப்படல.

பாதிக்கு மேல கதை மாற ஆரம்பிச்சுது. லோமாவோட கால் வேலை செய்ய ஆரம்பிச்சு, சலிடோ காத்துல குத்தறது அதிகமாச்சு. 12வது ரவுண்ட்ல சலிடோவுக்கு நல்ல அடி, கால் ஆடிப்போச்சு, விழாம இருக்கறதுக்காக கட்டிப்பிடிச்சுக்கிட்டே நேரத்தைக் கடத்தினாரு, இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்னு தோணும். அந்த ரவுண்டுக்கு கிடைச்சது 10-9. மூணு ஜட்ஜ் அட்டை: 116-112 சலிடோ, 115-113 சலிடோ, 115-113 லோமா. அந்த நடு அட்டைல லோமா இன்னும் ஒரே ஒரு ரவுண்ட் எடுத்திருந்தா 114-114, மொத்த ஃபைட்டும் டிரா. உண்டியல் கணக்கா இருந்தா கடைசி ரவுண்ட்ல அந்தப் பாக்கியெல்லாம் அடைஞ்சிருக்கும்.

இங்கதான் வழக்கமா எல்லாரும் "பாத்தியா, படிப்படியா போயிருக்கணும்"னு நிறுத்துவாங்க. மூணாவது ராத்திரியைப் பார்க்காம அந்த முடிவுக்கு வரக்கூடாது. 2014 ஜூன் 21, கலிஃபோர்னியா கார்சன். அதே காலி பெல்ட்டுக்கு எதிர்ல கேரி ரஸ்ஸல் ஜூனியர், 24 ஃபைட், 24 ஜெயிப்பு, மின்னல் கை. ரஸ்ஸலும் 2008 பெய்ஜிங் அமெரிக்க டீம்ல இருந்தவர்தான், எடை குறைக்கறப்ப மயங்கி விழுந்து ஒரு ஃபைட் கூட போடாம திரும்பினவர். 2009ல ப்ரோவாகி அஞ்சு வருஷம் எல்லாரும் சொல்ற அந்த படிப்படியான பாதைலயே வந்தாரு, எதிராளிங்களை ரொம்ப பார்த்துப் பார்த்து பொறுக்கறாங்கன்னு அவர் மேல விமர்சனமே இருந்துச்சு. ரெண்டு பாதையும் நேருக்கு நேர், 24-0 ஒரு பக்கம், 1-1 இன்னொரு பக்கம். 1-1 தான் ஜெயிச்சுது. ஒரு ஜட்ஜ் 114-114, மத்த ரெண்டு பேரும் 116-112 லோமா. மூணரை மாசத்துக்கு முன்னாடி சலிடோ தனக்கு செஞ்சதுல பாதியை லோமா ரஸ்ஸலுக்கு செஞ்சாரு, முன்னாடி போய் உடம்புல அடிச்சு, அந்த வேகமான கையை மெதுவாக்கினாரு. தோத்த ஃபைட்ல கத்துக்கிட்டதை இவ்வளவு சீக்கிரம் கைல கொண்டு வந்த ஆளை நான் பார்த்ததில்ல. 24 சுலபமான ஃபைட் ரஸ்ஸலுக்கு சொல்லிக்குடுக்காததை ஒரே ஒரு கஷ்டமான ஃபைட் லோமாவுக்கு சொல்லிக்குடுத்துச்சு. ரஸ்ஸலும் சளைச்சவர் இல்ல, மறு வருஷமே இன்னொரு உலக அமைப்பான டபிள்யூபிசியோட பெல்ட் எடுத்துட்டாரு.

மூணாவது ஃபைட்ல உலக டைட்டில்ங்கறது 1975ல தாய்லாந்தோட சேன்சாக் முவாங்சுரின் வெச்ச சாதனைக்குச் சமம். ஆனா அவரு முவாய் தாய்ங்கற தாய்லாந்து குத்துச்சண்டைல நிறைய அடிபட்டு வந்தவர், நெருங்கி நின்னு சண்டை போடறது அவருக்குப் புதுசில்ல. இன்னும் பின்னாடி போனா பீட் ரேட்மேக்கர், 1956 ஒலிம்பிக் ஹெவிவெயிட் கோல்டு, 1957ல சியாட்டில்ல தன்னோட முதல் ப்ரோ ஃபைட்டையே ஃபிளாய்டு பேட்டர்சன் கூட உலக ஹெவிவெயிட் டைட்டிலுக்குப் போட்டாரு. ரெண்டாவது ரவுண்ட்ல பேட்டர்சனை கீழ தள்ளவும் செஞ்சாரு, ஆறாவதுல தான் அவுட். நம்ம விஜேந்தர் சிங், லோமா கோல்டு வாங்கின அதே பெய்ஜிங்ல வெண்கலம் வாங்கினவர், 2015ல ப்ரோவாகி ஏழாவது ஃபைட்ல டெல்லில டபிள்யூபிஓ ஆசிய பசிஃபிக் டைட்டில் எடுத்தாரு. பெரும்பாலான ஒலிம்பிக் ஆளுங்களுக்கு அமையற பாதை அந்த மாதிரிதான், அதுலயும் தப்பு ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம் லோமா ஏறின வேகம் தெரிஞ்சதுதான். 2016ல ரோமன் மார்ட்டினெஸை அஞ்சாவது ரவுண்ட்ல வீழ்த்தி ரெண்டாவது எடைப் பிரிவுல பெல்ட். வால்டர்ஸ், சோசா, மரியாகா, ரிகோண்டோன்னு வரிசையா நாலு பேர் ரவுண்ட் இடைவேளைல போதும்னு விட்டுட்டு ஸ்டூல்ல இருந்தே எந்திரிக்கல. 2018 மே மாசம் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல லைட்வெயிட் சாம்பியன் லினாரெஸ்கிட்ட ஆறாவது ரவுண்ட்ல கீழ விழுந்தாரு, எந்திரிச்சு பத்தாவது ரவுண்ட்ல கல்லீரல் பக்கம் ஒரு இடது கைக் குத்து, முடிஞ்சுது. அது வரைக்கும் ஜட்ஜ் அட்டைங்க ஆளுக்கு ஒண்ணு, மூணாவது சமம். 12வது ஃபைட்ல மூணாவது பிரிவு, அதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் செய்யாதது. சலிடோ கத்துக்குடுத்த உடம்புக் குத்து இங்க பெல்ட் வாங்கிக் குடுத்துச்சு.

ஆனா அந்த முதல் நாலஞ்சு ரவுண்டை விட்டுக்குடுக்கற பழக்கம் போகல. இத்தனை நாள் அது வெளில தெரியாததுக்குக் காரணம் பெரும்பாலான எதிராளிங்க முழு 12 ரவுண்ட் தாங்கலங்கறதுதான், ஆளை நிறுத்திட்டா அட்டைக் கணக்கே வராது. 2020 அக்டோபர் 17, கொரோனா நேரம், லாஸ் வேகாஸ்ல ஆடியன்ஸ் இல்லாத ஹால், எதிர்ல 23 வயசு தியோஃபிமோ லோபஸ். லோமா படிக்க ஆரம்பிச்சாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு ரவுண்ட் போச்சு, ஏழு ரவுண்ட் வரைக்கும் கை நீட்டறதே அபூர்வம். லோபஸ் நல்லா உடம்புல அடிச்சு ரவுண்டுகளை ஒவ்வொண்ணா எடுத்து பைல போட்டுக்கிட்டாரு. எட்டாவதுல இருந்து லோமா எழுந்தாரு, சலிடோ ஃபைட்டோட ரெண்டாம் பாதியை அப்படியே மறுபடி பார்த்த மாதிரி இருந்துச்சு எனக்கு, வயித்தைப் பிசைஞ்சுது. 116-112, 117-111, 119-109, மூணும் லோபஸுக்கு. 119 அநியாயம், மத்த ரெண்டும் நியாயம். தோள்ல பிரச்சினை இருந்துச்சு, ஃபைட்டுக்கு அப்புறம் ஆபரேஷனும் நடந்துச்சு, அது உண்மை. ஆனா சலிடோ கூட மோதினப்ப லோமாவோட தோள் நல்லாத்தான் இருந்துச்சு.

2022ல போர் வந்ததும் டைட்டில் வாய்ப்பை விட்டுட்டு ஊர்ப் பாதுகாப்புப் படைல சேர்ந்தாரு, 2023ல அமெரிக்க பாக்ஸர் டெவின் ஹேனிகிட்ட தோத்ததா குடுத்த தீர்ப்பு இன்னும் எனக்கு ஆறல, 2024 மே மாசம் பெர்த்ல ஆஸ்திரேலியாக்காரர் கம்போசோஸை 11வது ரவுண்ட்ல நிறுத்தி 36 வயசுல மறுபடி பெல்ட், 2025 ஜூன்ல ஓய்வு. 18 ஜெயிப்பு, 3 தோல்வி. 21 ப்ரோ ஃபைட்ல கிட்டத்தட்ட எதுவுமே பயிற்சி ஃபைட் இல்ல.

சலிடோ கூட ரீமேட்ச் கடைசி வரைக்கும் நடக்கல. பேச்சு பல தடவை வந்துச்சு, பணத்துலயோ தேதிலயோ உடைஞ்சுது. 2017 டிசம்பர் 9 ராத்திரி லோமா நியூயார்க்ல ரிகோண்டோ கூட ரிங்ல இருந்தாரு, ரெண்டு ஒலிம்பிக் கோல்டு வாங்கின ரெண்டு பேர் ப்ரோ டைட்டிலுக்கு மோதினது வரலாற்றுலயே அதுதான் முதல் தடவை. அதே ராத்திரி லாஸ் வேகாஸ்ல சலிடோ மிகேல் ரோமன்ங்கறவர்கிட்ட ஒன்பதாவது ரவுண்ட்ல நிறுத்தப்பட்டாரு. ரிங்ல இருந்து இறங்கி, இதோட போதும்னு ஓய்வு அறிவிச்சுட்டாரு. அப்ப அவருக்கு 37 வயசு, 15 வயசுல தோத்து ஆரம்பிச்ச தொழில்.